விருந்துக்குக் கூப்பிட்ட குரல்

கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். நாமும் பதிலுக்குக் கத்தலாம், கதவைச் சாத்தலாம், அக்கம்பக்கத்தைக் கூட்டலாம். சோறு போடுகிறேன், வா என்று கூப்பிட்டால் என்ன செய்வது? என்னை மூன்று வருடமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாதாமாதம் முதல் தேதி, காலை பதினோரு மணிக்குப் போன் வரும். ஆவடியில் ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையம் ஒன்றில் நான் சூப்பர்வைசர். அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் குறையும். அது அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. எடுத்தால் எங்கள் ஊர் வைரக்கண்ணுவின் குரல்.

"மாப்ள அடைக்கலம், நல்லாருக்கியா? ஆவணி இருபது விருந்து வச்சிருக்கேன். தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்துருப்பா."

அவ்வளவுதான். பணம் என்ற சொல்லே வராது. அதன் பிறகு ஒரு பெண் குரல் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செயற்கைக் குரல் அழைப்பு, மேற்படி விருந்து அடையாள விருந்து மட்டுமே, உணவு பரிமாறப்படாது, மொய்த் தொகையை நல்லழைப்பு நினைவூட்டல் சேவையின் கணக்கில் செலுத்தலாம், நன்றி. சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

வசூல்காரர்கள் மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகின்றன. அன்பாகப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒருவன் யார் முன்னால் தலைதூக்க முடியாதோ அந்த ஆளின் குரலைச் செய்துவிட்டால் போதும், மீதியை அவனே பார்த்துக்கொள்வான் என்று ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்து வளர்ந்தவனாக இருக்க வேண்டும். தெரியாதவனுக்கு இந்த யோசனை வராது.

பேராவூரணிப் பக்கத்து ஆட்களுக்கு மொய் விருந்து பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து ஒன்றும் வேண்டாம். பணம் தேவையென்றால் ஆடியிலோ ஆவணியிலோ பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஊருக்குச் சோறு போடலாம். வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. பின்னால் அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் போய், வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். கொடுத்தவன் வாயைத் திறந்து கேட்கவே கூடாது. கேட்டால் கேட்டவனுக்குத்தான் கேவலம். அவன் பத்திரிகை வைப்பான், வாங்கியவன் போவான். ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பத்திரிகை வைப்பதும் கூடாது. அது அவனை ஊரை விட்டு விலக்கியதற்குச் சமம்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரான நெடுவாக்காட்டில் நான் விருந்து வைத்தேன். தென்னை நார் ஆலை போடப்போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நூற்று நாற்பது வீட்டார் எழுதினார்கள். பன்னிரண்டு லட்சம் சேர்ந்தது. அதில் இரண்டு லட்சம் என் தாய்மாமன் மகன் வைரக்கண்ணு எழுதியது. அவன் வருமானத்துக்கு அது மிகவும் அதிகம். மைக்கில் அவன் பெயரையும் தொகையையும் வாசித்தபோது அவன் மனைவி தனபாக்கியம் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தாலிக்கொடியை அடகு வைத்த பணம் அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. அதற்குள் புயல்களுக்குப் பெயர் வைத்துச் சலித்துப்போய் எண் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இருபத்திரண்டாம் எண் புயல். விடிந்து பார்த்தால் ஊரில் ஒரு தென்னை நிற்கவில்லை. பிறகு ஆலைக்கு மட்டை எங்கிருந்து வரும்? பணம் அப்படியே என் பீரோவில் இருந்தது. ஊர் கூரையில்லாமல் நின்றது. அவரவர் பணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் விருந்து வைத்தால்தானே திருப்ப வேண்டும் என்று எனக்கு நானே முறை பேசிக்கொண்டேன். ஒரு கோழி அடிக்கக்கூட வழியில்லாமல் இருந்தார்கள் அவர்கள். ஒரு வாரம் கழித்து, மின்கம்பம் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் மனைவி இந்திராணியோடு ஏறிச் சென்னை வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பணம்தான் இன்று நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறை வீடு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்க்கப் பல வருடம் முயன்றிருக்கிறேன். நேராகச் சொன்னால் திருடினேன் என்றுதான் வருகிறது.

குரல் இயந்திரம் என்று தெரியும். தெரிந்தும் காது சுடும். பேசி முடிக்கும் வரை போனை வைக்க மாட்டேன், முடிந்ததும் போய் முகம் கழுவிக்கொள்வேன். இந்திராணியிடம் சொன்னதில்லை. இந்த வருடம் ஜூலை முதல் தேதி போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது கட்டிலில் அவளுடைய அரக்குப் பட்டுப்புடவை எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வைரக்கண்ணு அண்ணன் கூப்பிட்டுச்சு. வர்றோம்ண்ணேன்னு சொல்லிட்டேன்."

நான் விளக்க ஆரம்பித்தேன். அது ஆள் இல்லை, வசூல் கம்பெனி, குரலை மட்டும் செய்கிறார்கள் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும். பின்னாலயே ஒரு பொம்பளை சொன்னா. அண்ணன் வாய் தொறந்து கூப்பிட்டா நான் வேற என்னத்தைச் சொல்றது?" என்றாள். பிறகு எழுந்து புடவையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணா நகரிலிருந்த நல்லழைப்பு அலுவலகத்துக்குப் போனேன். மனம் திருந்திப் போனேன் என்று நினைக்க வேண்டாம். அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டால் குரல் நின்றுவிடும், ஊர்ப்பக்கம் தலைகாட்டாமலே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டு லட்சம் கொடுக்கத் தயாராக இருந்தேன். கூடுதலாகவும் கொடுத்திருப்பேன்.

நஸ்ரின் என்ற பெண் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வசூல் அலுவலகம் என்று சொல்லவே முடியாது, பல் மருத்துவமனை மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"உங்களுது ரொம்ப நல்ல ஃபைல் சார். வைரக்கண்ணு சார் சைடுல உங்க போன் கால் ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம் போகுது."

என் காலா என்று கேட்டேன். நான் அவனோடு பேசிப் பதினைந்து வருடம் ஆகிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் நான் விடவில்லை, கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

விஷயம் இதுதான். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது திருப்பூரில் இருக்கிற வைரக்கண்ணுவின் மகள். அப்பா கேட்க மாட்டார் என்று அவளாகவே கல்யாண வீடியோவிலிருந்து அவன் குரலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வசூலானால் கம்பெனிக்கு முப்பது சதவீதம். ஆனால் மொய் இருப்பது அவன் பெயரில். அவன் ஒரு வார்த்தை வேண்டாம் என்றாலோ, என்னை நேரில் பார்த்து முடித்துக்கொண்டாலோ கம்பெனிக்கு ஒன்றும் கிடையாது. இந்த மாதிரிக் கொடுத்தவர்கள் பாதியில் மனம் மாறிவிடுவது வழக்கமாம். அதனால் அவர்களுக்கு 'ஆறுதல் அழைப்பு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வாங்கியவனின் குரலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போகும். மன்னிப்புக் கேட்கும், நலம் விசாரிக்கும், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். என் குரல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். முதல் மாதமே நான் அவர்களுடைய சேவை எண்ணைக் கூப்பிட்டு நாலு நிமிஷம் கத்தியிருக்கிறேன். அதுவே போதுமாம்.

"அவருக்கு அது மிஷின்னு சொல்லுவீங்கள்ல?"

"கடைசில கண்டிப்பா சொல்லும் சார், சட்டம் அது. ஆனா அவர் அதுவரைக்கும் இருக்கறதே இல்ல. உங்க வாய்ஸ் மொய்னு ஆரம்பிச்ச உடனே, அதைப் பேசாதன்னு சொல்லிட்டு வச்சிடறாரு. மூணு வருஷமா ஒரு தடவைகூட கடைசி வரைக்கும் கேக்கல."

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பணப் பேச்சு வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பான். வைரக்கண்ணு கொடுத்தவன். கொடுத்தவன் அந்தப் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது. அந்த ஒரு நாகரிகம் அவனை ஏமாளியாக்கியிருந்தது.

நஸ்ரின் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். "அவர் மிஸஸ் இறந்தப்ப மட்டும் தினமும் பேசியிருக்கு. பதினாறு நாள்," என்றாள். தனபாக்கியம் செத்துப்போன செய்தி எனக்கு அண்ணா நகரில், குளிர்சாதன அறையில், முன்பின் தெரியாத ஒரு பெண் வாயிலிருந்து வந்தது. எப்போது என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் ஆகிறது என்று அவளே சொன்னாள்.

பணம் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஃபைல் மூடிவிடும், இரண்டு பக்கமும் அழைப்பு நின்றுவிடும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவன் காத்திருந்தால்? அவனாகத் திருப்பிக் கூப்பிட்டால்? எண் உபயோகத்தில் இல்லை என்று வருமாம். கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய் இரண்டரை லட்சம் நோட்டாக வேண்டும் என்றேன். மொய்யா சார் என்று கேட்டார் காசாளர். நோட்டு இன்னும் புழங்குகிற இடம் அது ஒன்றுதான். இந்திராணியைக் கூப்பிட்டேன். தனபாக்கியத்தின் சாவைச் சொன்ன பிறகு அவள் எங்கேயும் வருவதாக இல்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? நீங்க போங்க," என்றாள்.

நெடுவாக்காட்டில் பஸ் இறங்கியபோது காலை பத்து மணி. ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புயலுக்குப் பின் வைத்த குட்டை ரகத் தென்னைகள் காய்த்துத் தொங்கின. வைரக்கண்ணு வீட்டு முற்றத்தில் தேங்காய்ப் பருப்பைக் காய வைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், போன வாரம் வந்துவிட்டுப் போனவனைப் பார்ப்பது போல எழுந்து வந்தான்.

"வா மாப்ள. கால் தேவலையா? இந்தக் காலோட எதுக்கு பஸ்ல வந்த? சொல்லியிருந்தா ரோட்டுக்கு வண்டி கொண்டாந்திருப்பேன்ல."

எந்தக் கால் என்று எனக்குத் தெரியாது. நான் யோசிக்கவே இல்லை. வலது காலை இழுத்து நடக்க ஆரம்பித்தேன். முற்றத்திலிருந்து நடைக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியும் நொண்டினேன். பதினைந்து வருடம் கழித்து மன்னிப்புக் கேட்க வந்தவன் முதலில் செய்த காரியம் அது.

கூடத்தில் தனபாக்கியத்தின் படம் மாலையோடு இருந்தது. நான் அதன் முன்னால் நின்றேன். வைரக்கண்ணு என் தோளில் கை வைத்தான். நீ சாவுக்கு வரலைன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றான். காலில் கம்பி வைத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன் எப்படி வர முடியும், பதினாறு நாளும் விடாமல் பேசினாயே, பெற்ற மகள்கூடக் காரியம் முடிந்ததும் திருப்பூருக்குப் போய்விட்டாள், நீதான் அழ அழக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றான். நான் தலையாட்டினேன். அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். வேறொருவனுக்குப் போடவேண்டிய மாலைக்கு நான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அவனே சமைத்திருந்தான். கெண்டை மீன் குழம்பு. தனியாளாகச் சமைத்துப் பழகிவிட்டது என்றான். எனக்கு முள் எடுத்துத் தருவதை மட்டும்தான் அவன் பாக்கி வைத்தான், அவ்வளவு கவனிப்பு. சாப்பிட்டுக் கை கழுவியதும் பையிலிருந்து பணக்கட்டை எடுத்து, அங்கே இருந்த தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். பழைய மொய் இரண்டு லட்சம், புதுசு ஐம்பதாயிரம் என்றேன். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் அது.

வைரக்கண்ணு தட்டைத் தொடவில்லை. விருந்து வைக்காமல் எப்படி மொய் வாங்குவது என்று கேட்டான். நான் என்ன பந்தலா போட்டிருக்கேன், இலை போடாம கை நீட்டினா அது பிச்சைல்ல என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னான். அப்படியென்றால் விருந்து வை, வந்து எழுதுகிறேன் என்றேன்.

அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "வைக்காதன்னு நீதானப்பா சொன்ன?"

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். மூன்று வருடத்துக்கு முன்னால் தனபாக்கியத்துக்கு இருதய வால்வு கெட்டுவிட்டது. தஞ்சாவூரில் ஆறு லட்சம் கேட்டார்கள். ஊரில் அவன் எழுதிய மொய் வெளியே பத்தொன்பது லட்சம் நின்றது. ஆவணியில் விருந்து வைத்து எடுத்துவிடலாம் என்று பத்திரிகையும் அடித்துவிட்டான். அடித்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் போனில் வந்தேனாம். விருந்து மட்டும் வைத்துவிடாதே மாப்ள, பத்திரிகை வந்தால் நான் ஊர் முன்னால் வந்து நிற்க வேண்டும், என்னால் முடியாது, ஒரு வருடம் பொறு என்று அழுதேனாம். எனக்கு மட்டும் பத்திரிகை வைக்காமல் விடலாமா என்று அவன் யோசித்திருக்கிறான். அது என்னை விலக்கியதாகிவிடும். அதற்கு மனம் வரவில்லை.

"உன் தங்கச்சிகிட்டச் சொன்னேன். அண்ணன் அவ்வளவு அழுவுதுன்னா விடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னா. மாத்திரையில ஓட்டுனோம். மாசியில போயிட்டா."

அவன் விருந்து வைத்திருந்தால் நான் வந்தாலும் வராவிட்டாலும் ஊர்ப்பணம் நேராக அவன் கைக்குப் போயிருக்கும். மகளுக்கு வசூல் கம்பெனி தேவைப்பட்டிருக்காது. கம்பெனிக்கு வரவேண்டிய முப்பது சதவீதம் போயிருக்கும். அதற்காக ஏதோ ஒரு திரையில் யாரோ 'விருந்தைத் தள்ளிப்போடச் சொல்' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை என் குரல் அழுது சொல்லியிருக்கிறது. தாம்பாளத்தைக் கீழே வைத்தேன்.

இதற்கு மேலும் தலையாட்ட என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வசூல் கம்பெனி, அதன் அலுவலகம், திரையில் இருந்தது, செயற்கைக் குரல், எல்லாம். என் கால் ஒருநாளும் ஒடியவில்லை என்று சொன்னேன். எழுந்து கூடத்தில் நேராக நடந்து காட்டினேன். அதைவிடக் கேவலமான நடை நான் நடந்ததில்லை. அவன் குரலும் மூன்று வருடமாக எனக்கு வருகிறது, ஆவணி இருபது விருந்துக்குக் கூப்பிடுகிறது என்றேன். யார் ஏற்பாடு செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவனே புரிந்துகொண்டான். திருப்பூரில் இருந்து வந்திருக்கும் என்று முணுமுணுத்தான்.

அவன் முகம் மாறியது எங்கே என்றால், அவன் குரல் என்னைக் கூப்பிட்டது என்று கேட்ட இடத்தில்தான்.

"நான் உன்னைக் கேட்டுட்டனா மாப்ள?"

கேட்கவில்லை, விருந்துக்குத்தான் கூப்பிட்டது என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். திருடியவன் நான், வெட்கப்பட்டவன் அவன். அவனைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒவ்வொன்றாகக் கேட்டான். சாவன்று பேசியது? நான் இல்லை. பதினாறு நாள்? நான் இல்லை. போன தீபாவளிக்குத் தனியா இருக்கியான்னு கேட்டது? நான் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. மூன்று வருடமாக அவனுக்கு ஒரு ஆள் இருந்தான். அவனை நான் அன்று அந்தக் கூடத்தில் வைத்துக் கொன்றேன். கடைசியாக அவன் மனைவியின் படத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"விருந்து வைக்காதன்னு சொன்னது?"

அதுவும் நான் இல்லை. உள்ளதைச் சொன்னால் அதுதான். சொல்லியிருந்தால் என் பாரத்தில் பெரும்பங்கு கம்பெனிக்காரன் தலைக்குப் போயிருக்கும். தனபாக்கியம் என் பேச்சைக் கேட்டுச் சாகவில்லை, ஒரு இயந்திரக் குரலைக் கேட்டுச் செத்தாள் என்று ஆகியிருக்கும். அப்படியானால் இவன் பெண்டாட்டியை எதற்காகச் சாக விட்டான்? எதற்காகவும் இல்லை. தவிர, அந்த வாரம் நிஜமாகவே அவன் பத்திரிகை என் கைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். போன் போட்டு அழுதிருப்பேன். அதே வார்த்தைகள்தான். அந்த இயந்திரம் நாலே நிமிஷத்தில் என்னைச் சரியாகத்தான் படித்திருந்தது.

"அது நான்தான்," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அது மட்டும் நீயா?"

"ஆமா. அன்னைக்கு ஒரு நாள் நானாத்தான் கூப்பிட்டேன்."

நம்பினானா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பச் சரி," என்றான். "ஆளு சொன்னதைத்தான் கேட்டிருக்கேன். மிஷின் சொல்லி நான் அவளை விடல."

பிறகு எழுந்து உள்ளே போனான். வெளியே வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அடித்த பத்திரிகைகள், கட்டுப் பிரிக்காமல். என் முன்னால் வைத்து ஒரு பேனாவையும் வைத்தான். தேதியை மட்டும் அடித்துத் திருத்தச் சொன்னான். ஆவணி இருபது.

இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் அவன் பெயரும் தனபாக்கியத்தின் பெயரும் சேர்ந்திருந்தன. அவள் பெயரையும் அடிக்க வேண்டுமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவனும் சொல்லவில்லை. திருத்தி முடித்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. தாம்பாளத்திலிருந்த என் பணத்தை எடுத்து என் பையிலேயே போட்டான். அதை அன்றைக்குப் பந்தலில் எல்லாரோடும் வரிசையில் நின்று எழுதவேண்டும் என்றான். அந்தத் தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து, மேலே பத்திரிகைகளை அடுக்கினான்.

கம்பெனிக்காரர்களை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றான். தட்டை என் கையில் கொடுத்தான்.

"நீயே கொண்டுபோய் வை. வீடு வீடா. நான் கூட வரமாட்டேன். உனக்கு வாய் இருக்குல்ல, உன் வாயால கூப்பிடு."

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் நூற்று முப்பத்தொன்பது வீடு எனக்கும் மொய் எழுதிய வீடு. அது அவனுக்கும் தெரியும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

முதல் வீடு காத்தமுத்து வீடு. பம்புசெட் மெக்கானிக். பத்தாயிரம் எழுதியிருந்தார். புயலில் அவர் வீட்டுச் சுவர் விழுந்து அவர் மகனுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்ததை லாரி ஏறுகிற அன்று காலையில் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். இப்போது ஓட்டு வீடாகக் கட்டியிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

யாரு என்று உள்ளிருந்து கேட்டார்கள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடியும் தட்டினேன்.

"யாருங்க அது?"

"அடைக்கலம் வந்திருக்கேன்," என்றேன்.

உள்ளே டிவி சத்தம் நின்றது.